மாரி முழுக்க நிண்ட மொறிஸ் மைனர் 948: செல்ஃப் சுத்துது, எஞ்சின் ஸ்ராட் எடுக்குதில்லை

#1 கோண்டாவில்_மைனர்

வணக்கம். வீட்டிலை நிக்கிறது 948 சீசீ மொறிஸ் மைனர் 1000. பொசிற்றிவ் ஏர்த் (பற்றரியின்ரை பிளஸ் பக்கம் காரின்ரை இரும்புப் பொடியோடை பூட்டினது), டைனமோ, கேபிள் இழுத்து அடிக்கிற ஸ்ராட்டர், எஸ்.யூ. காபரேற்றர், எஸ்.யூ. கறண்ட் பம்ப். எல்லாம் கொம்பனியிலையிருந்து வந்தபடிதான், ஒண்டும் மாத்தேல்லை. ஐப்பசி தொடக்கம் தை வரைக்கும் தகரக் கொட்டிலுக்குள்ளை ஓடாமல் நிண்டது. நிப்பாட்டேக்க நல்ல ஓட்டம்.

தையிலை ஒரு மெக்கானிக் வந்து புதுப் பொயின்ற் (டிஸ்ரிபியூட்டருக்குள்ளை கொயிலின்ரை கறண்டைத் திறந்து மூடுற சுவிச்சு), கொண்டென்சர், நாலு பிளக், பிளக் வயர் எல்லாம் மாத்தினவர். அதுக்குப் பிறகு ஒரு இருமல்கூட இல்லை. பற்றரி சார்ஜ் போட்டது, செல்ஃப் வேகமாத்தான் சுத்துது. ஸ்பாக்குக்கு வோல்ற்றேஜைக் கூட்டிக் குடுக்கிற கொயிலும் மாத்தவேணும் எண்டு சொல்லுறார். வாங்க முதல் இஞ்சை கேக்கிறன்: எந்த ஒழுங்கிலை பாக்கவேணும்? மல்ரிமீற்றரும் ரெஸ்ற் லாம்பும் கையிலை இருக்கு.

#2 சுன்னாகம்_கராஜ்

தம்பி, கொயில் இப்ப வாங்காதைங்கோ. நிண்ட காருக்குப் புதுச் சாமான் போட்ட பிறகு ஒண்டுமே பத்தேல்லை எண்டால், முதல் சந்தேகம் போட்ட சாமானிலையும் போட்ட விதத்திலையும்தான்.

முதல் கேள்வி. சாவியைப் போட்டவுடனை பம்ப் "டிக் டிக்" எண்டு அடிச்சு, பிறகு நிக்குதோ? அந்த ஒரு சத்தம் ரெண்டு விசயம் சொல்லும். மைனரிலை சாவியிலையிருந்து வாற வெள்ளை வயர்தான் கொயிலுக்கும் பம்புக்கும் போகுது. பம்ப் அடிச்சால் சாவி சுவிச்சு வேலை செய்யுது. அடிச்சுப் போட்டு நிண்டால் காபரேற்றரிலை பெற்றோல் நிக்கிற ஃப்ளோட் கிண்ணம் நிரம்பிட்டுது. நிக்காமல் விறுவிறெண்டு அடிச்சால் பெற்றோல் இல்லை, அல்லது உறிஞ்சிற பக்கத்தாலை காத்து இழுக்குது. சத்தமே இல்லையெண்டால் பம்புக்குள்ளை இருக்கிற பொயின்ற் கறுத்துப் போச்சு, அல்லது பம்பின்ரை ஏர்த் வயர் துருப்பிடிச்சிட்டுது.

ரெண்டாவது, ஸ்பாக். பிளக்கிலை பாக்காதைங்கோ, அது பிறகு. டிஸ்ரிபியூட்டர் (நாலு பிளக்குக்கும் ஸ்பாக்கைப் பிரிச்சு விடுறது) மூடியின்ரை நடுவிலை இருக்கிற தடிச்ச வயரைக் கழட்டி, நுனியை எஞ்சின் புளொக்கிலை இருந்து 6 மில்லிமீற்றர் தள்ளிப் பிடியுங்கோ. கையாலை இல்லை, காய்ஞ்ச மரக் கிளிப்பாலை. மற்ற ஆள் செல்ஃப் இழுக்கட்டும். நீல நிறத்திலை, சத்தத்தோடை பாயவேணும். சிவப்பாவோ மெல்லிய மஞ்சளாவோ பாஞ்சால் பலம் காணாது.

காபரேற்றர் பக்கத்திலை பெற்றோல் ஒழுகி நிண்டால் இந்தச் சோதனை செய்யவே கூடாது. முதல் துடைச்சு, காத்தாட விட்டு, பிறகு.

#3 சோமசெற்_மானிப்பாய்

காபரேற்றர் வாயிலை ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டுப் பாத்தால் உடனை தெரியும். தொண்ணூறுகளிலை பெற்றோல் தடையாக் கிடக்கேக்க யாழ்ப்பாணத்திலை ஓடின காரெல்லாம் இப்பிடித்தானே பத்த வைச்சது. ஓடினது மண்ணெண்ணெயிலை, ஸ்ராட் எடுக்க மட்டும் பெற்றோல்.

#4 சுன்னாகம்_கராஜ்

சோமசெற் ஐயா சொல்லுறது சோதனைக்கு நல்லது, அளவு முக்கியம். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி. அதுக்கு மேலை வேண்டாம். எயர் கிளீனரைக் கழட்டி, எஸ்.யூ. பிஸ்ரனை விரலாலை உயத்தி அதுக்குக் கீழாலை விடுங்கோ. விட்ட பிறகு எயர் கிளீனரைத் திரும்பப் பூட்டிப் போட்டுத்தான் செல்ஃப் இழுக்கிறது, ஏனெண்டால் ரைமிங் (ஸ்பாக் பாயிற நேரம்) பிழைச்ச எஞ்சின் காபரேற்றராலை நெருப்பைத் துப்பும். முகத்தைக் குனிஞ்சு பாத்துக்கொண்டு நிக்கக் கூடாது. பெற்றோல் போத்தலும் பக்கத்திலை இருக்கக் கூடாது.

5 மில்லி விட்டும் ஒரு வெடிகூட இல்லையெண்டால் பெற்றோல் பக்கத்தை மறந்து ஸ்பாக் பக்கம் போகலாம். ரெண்டு மூண்டு தரம் பத்தி நிண்டால் ஸ்பாக் இருக்கு, பெற்றோல்தான் வரேல்லை.

மண்ணெண்ணெய்க் கதை வந்தபடியாலை இன்னொண்டும் சொல்லவேணும். மண்ணெண்ணெய் குளிர் எஞ்சினிலை ஆவியாகாது, அதுதான் பெற்றோல் விட்டுச் சூடாக்கிப் பிறகு மாத்தினது. உயர்ந்த கொம்பிறஷனிலை அது தட்டும் எண்டபடியாலை சில எஞ்சின்களுக்கு ஹெட் காஸ்கற் ரெண்டு அடுக்காப் போட்டுக் கொம்பிறஷனைக் குறைச்சவை. 948 எஞ்சின் கொம்பனியிலையே ரெண்டு விதமா வந்தது, 8.3க்கு 1 ஒண்டு, 7.2க்கு 1 மற்றது. அந்தக் காலத்திலை ஓடின எஞ்சின் எண்டால், ஹெட் எப்பவாவது கழட்டேக்க காஸ்கற்றின்ரை தடிப்பைப் பாருங்கோ. ரெட்டைக் காஸ்கற் இண்டைக்கும் உள்ளுக்கை கிடந்தால் குளிரிலை ஸ்ராட் எடுக்கக் கஸ்ரப்படும்.

#5 கோண்டாவில்_மைனர்

நன்றி அண்ணை. பம்ப் பத்துப் பன்ரெண்டு தரம் அடிச்சு நிக்குது. நடு வயரிலை ஸ்பாக் இல்லை, சிவப்புக்கூட இல்லை. 5 மில்லி விட்டுப் பாத்தும் ஒண்டுமில்லை.

#6 வயரிங்_வல்வெட்டித்துறை

அப்படியானால் சிக்கல் லோ ரென்ஷன் பக்கத்தில், அதாவது சாவி, கொயில், பொயின்ற் வழியாக 12 வோல்ற் ஓடும் சுற்றில், இருக்க வாய்ப்பு அதிகம். அளந்து பார்த்தால் பத்து நிமிடத்தில் இடம் தெரிந்துவிடும். உங்கள் கார் பொசிற்றிவ் ஏர்த் என்பதால் மீற்றரின் சிவப்பு முனையை பொடியிலும் கறுப்பு முனையை அளக்கும் இடத்திலும் வையுங்கள். ரெஸ்ற் லாம்புக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

கொயிலில் இரண்டு சிறிய முனைகள். பழைய லூக்காஸ் கொயிலில் எஸ்.டபிள்யூ என்றிருப்பது சுவிச்சுப் பக்கம், சீ.பி என்றிருப்பது டிஸ்ரிபியூட்டர் பக்கம். டிஸ்ரிபியூட்டருக்குப் போவது கறுப்புக் கோடு போட்ட வெள்ளை வயர்.

சாவியைப் போடுங்கள். பொயின்ற் இரண்டும் தொடாதபடி நடுவே காய்ந்த மட்டைத் துண்டொன்றைச் செருகுங்கள். இப்போது இரண்டு முனையிலும் பற்றரி வோல்ற்றேஜ், அதாவது 12க்குக் கிட்ட, வரவேண்டும். மட்டையை எடுத்து, ஹான்டிலால் எஞ்சினைச் சுற்றிப் பொயின்ற் மூடிய நிலைக்குக் கொண்டுவாருங்கள். இப்போது எஸ்.டபிள்யூவில் 11 அல்லது 12, சீ.பியில் கிட்டத்தட்ட 0.

மட்டை இருக்கும்போதும் சீ.பியில் 0 என்றால் இரண்டில் ஒன்று: கொயிலின் உட்சுற்று அறுந்திருக்கிறது, அல்லது டிஸ்ரிபியூட்டர் பக்கம் எங்கோ ஏர்த் ஆகிறது. பிரித்தறிய சீ.பியிலிருந்து அந்த வயரைக் கழற்றிவிட்டு முனையை மட்டும் அளவுங்கள். 12 வந்தால் கொயில் சுற்று நல்லது, குற்றம் டிஸ்ரிபியூட்டருக்குள். அப்போதும் 0 என்றால் கொயில்தான்.

மறுபக்கமாக, பொயின்ற் மூடியிருந்தும் சீ.பியில் 12 நின்றால் பொயின்ற் தொட்டும் தொடவில்லை. புதுப் பொயின்றில் துருப்பிடிக்காமல் பூசிவரும் எண்ணெய்ப் படலம் காரணமாக இருக்கலாம், தின்னர் நனைத்த துணியால் துடைக்கவேண்டும். அல்லது உள்ளே அசையும் தட்டிலிருந்து பொடிக்கு வரும் பின்னல் ஏர்த் வயர் அறுந்திருக்கலாம்.

அளந்து முடிந்ததும் சாவியை எடுத்துவிடுங்கள். பொயின்ற் மூடிய நிலையில் சாவி போட்டபடி விட்டால் கொயில் சும்மா கொதித்துக்கொண்டிருக்கும்.

#7 ஹயர்_கார்_சாவகச்சேரி

உவ்வளவு அளக்கிறதுக்கு ஒரு கொயிலும் ஒரு கொண்டென்சரும் வாங்கிப் போட்டால் முடிஞ்சுதே? எப்பிடியும் ஸ்பெயராக் கிடக்கட்டும்.

#8 வயரிங்_வல்வெட்டித்துறை

ஸ்பெயராக வைத்திருப்பது நல்லதுதான். ஆனால் டிஸ்ரிபியூட்டர் ஏர்த் ஆகியிருந்தால் எத்தனை கொயில் போட்டாலும் ஸ்பாக் வராது. இன்னொன்றும் உண்டு. இப்போது கடையில் கையில் கிடைப்பவற்றில் பல, ஜப்பான் கார்களுக்கு வெளியே றெசிஸ்ரர் வைத்து ஓடுகிற கொயில்கள். அவற்றின் உட்சுற்று 1.5 ஓம்ஸ் அளவுதான் வரும். மைனருக்கு வேண்டியது றெசிஸ்ரர் இல்லாத 12 வோல்ற் கொயில், முனைக்கு முனை அளந்தால் 3 முதல் 3.5 ஓம்ஸ். 1.5 ஓம்ஸ் கொயிலை நேரே கொடுத்தால் கறண்ட் இரட்டிப்பாகும், பொயின்ற் நீலமாய்க் கருகும், கொயில் தொடமுடியாமல் கொதிக்கும். வாங்கும்போதே மீற்றரைக் கடைக்குக் கொண்டுபோய் அளந்து வாங்குங்கள்.

புதுக் கொயிலில் பிளஸ், மைனஸ் என்றுதான் போட்டிருக்கும். பொசிற்றிவ் ஏர்த் காரில் பிளஸ் முனை டிஸ்ரிபியூட்டருக்கு, மைனஸ் முனை சாவிக்கு. மாறிப் பூட்டினாலும் ஓடும், ஆனால் பிளக்கில் ஸ்பாக் பாய அதிக வோல்ற்றேஜ் வேண்டிவரும். சூடான எஞ்சினில் அது தெரியாது, குளிரில் ஸ்ராட் எடுக்கும்போது தெரியும்.

கொண்டென்சரின் அளவு 0.18 முதல் 0.24 மைக்ரோ ஃபரட். மீற்றரில் அந்த அளவு இருந்தால் அதையும் பார்த்துக்கொள்ளலாம்.

#9 கோண்டாவில்_மைனர்

அளந்தாச்சு. மட்டை வைச்சால் எஸ்.டபிள்யூ 12.4. சீ.பி 0. சீ.பி வயரைக் கழட்டினவுடனை அந்த முனையிலை 12.4 வருது. கொயில் முனைக்கு முனை 3.3 ஓம்ஸ்.

#10 சுன்னாகம்_கராஜ்

அப்ப கொயில் நல்ல கொயில். டிஸ்ரிபியூட்டருக்குள்ளை ஏர்த். நூற்றுக்குத் தொண்ணூறு, பொயின்ற் பூட்டின வாசர் ஒழுங்கு பிழை.

சாவியை எடுத்துப் போட்டுப் பொயின்றைக் கழட்டுங்கோ. ரெண்டு துண்டாப் பிரியிற பழைய வகைப் பொயின்ற் எண்டால் இப்பிடித்தான் இருக்கவேணும். அடியிலை அசையாத தகடு, அதிலை ரெண்டு கம்பம் நிக்கும். பெரிய ஃபைபர் வாசர் பொயின்ற் சுத்துற கம்பத்துக்கு, சின்ன வாசர் ஸ்பிறிங் பூட்டுற கம்பத்துக்கு. அதுக்கு மேலை அசையிற பொயின்றையும் அதின்ரை ஸ்பிறிங்கையும் இறக்கிறது. பிறகு தொப்பி மாதிரி ஒரு பிளாஸ்ரிக் புஷ் இருக்கும். கொயிலிலை இருந்து வாற வயரின்ரை கண்ணையும் கொண்டென்சர் வயரின்ரை கண்ணையும் முதல் அந்தத் தொப்பியின்ரை கழுத்திலை போட்டு, அந்தத் தொப்பியை ஸ்பிறிங் ஓட்டைக்குள்ளாலை கம்பத்திலை இறக்கி, மேலை நட் போடவேணும்.

இதிலை விளங்கவேண்டியது ஒண்டுதான். ரெண்டு வயர்க் கண்ணும் ஸ்பிறிங்கைத் தொடவேணும், கம்பத்தையோ நட்டையோ தொடக் கூடாது. கம்பம் பொடியோடை சேர்ந்தது, அதைத் தொட்டால் பொயின்ற் திறந்தாலும் மூடினாலும் கொயிலுக்கு வித்தியாசம் தெரியாது. தொப்பிக்கு மேலை வயரைப் போட்டு நட்டை இறுக்கினால் சரியா இதுதான் நடக்கும். சின்ன வாசர் விடுபட்டாலும் இதுதான், ஸ்பிறிங்கின்ரை வளையம் அடித்தகட்டிலை இருந்திடும்.

பூட்டின பிறகு மூடி போட முதல் மட்டையை வைச்சு மீற்றராலை பாருங்கோ. ஸ்பிறிங்குக்கும் பொடிக்கும் இடையிலை தொடர்பு இருக்கக் கூடாது. பற்றரி வயரைக் கழட்டிப் போட்டு, சீ.பி வயரும் கழட்டினபடி இருக்கேக்கதான் இந்த அளவு சரியா வரும்.

இடைவெளி 14 தொடக்கம் 16 தௌ (ஒரு தௌ எண்டால் அங்குலத்திலை ஆயிரத்திலை ஒரு பங்கு), 15ஐ வையுங்கோ, மில்லிமீற்றரிலை 0.38. கமின்ரை (பொயின்றைத் தள்ளித் திறக்கிற நடுத் தண்டு) உச்சியிலை பொயின்ற் ஆகக் கூடத் திறந்து நிக்கேக்கதான் ஃபீலர் கேஜ் போடுறது. ஃபீலர் தகட்டிலை எண்ணெய் இருந்தால் முதல் துடையுங்கோ, அந்த எண்ணெய் பொயின்றிலை பட்டால் ஒரு மாதத்திலை கருகும். கமிலை பயறு அளவு கிறீஸ், அவ்வளவுதான்.

#11 தீவகம்

கேக்கிறன் எண்டு கோவிக்காதைங்கோ. எங்கட பக்கம் நிக்கிற கார்களிலை இதைவிட முதல் வாற கரைச்சல் ஏர்த். உப்புக் காத்திலை கியர்பொக்சுக்கும் பொடிக்கும் இடையிலை இருக்கிற பின்னல் வயர் பச்சை பூத்துப் போகும். செல்ஃப் "டக்" எண்டிட்டு நிண்டிடும், அல்லது கிழவன் நடக்கிற மாதிரிச் சுத்தும். பற்றரியைக் குற்றம் சொல்லிப் புதுசு வாங்கினாலும் அதேதான். உதை எப்பிடி அளக்கிறது?

#12 வயரிங்_வல்வெட்டித்துறை

நல்ல கேள்வி, இங்கே கடற்கரையோரம் எங்கும் இதே கதை. மீற்றரின் ஒரு முனையை எஞ்சின் புளொக்கில் வெறும் இரும்பு தெரிகிற இடத்திலும், மற்றதைப் பற்றரியின் ஏர்த் கம்பத்தின் தலையிலும் வையுங்கள். கவ்வியில் அல்ல, கம்பத்தின் ஈயத்தில். செல்ஃப் இழுக்கும்போது அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் ஏர்த் பாதை பழுது. அதேபோல் பற்றரியின் மற்றக் கம்பத்திலிருந்து ஸ்ராட்டரின் பெரிய முனைக்கும் அளக்கலாம்.

மீற்றர் இல்லாவிட்டால் சோக் கேபிளைத் தொட்டுப் பாருங்கள். ஏர்த் வயர் அறுந்த காரில் ஸ்ராட்டரின் கறண்ட் முழுக்க சோக் கேபிளாலும் அக்சிலேற்றர் கேபிளாலும் திரும்பும். கேபிள் சூடேறும், சில வேளை புகையும். அப்படியானால் செல்ஃப் இழுப்பதை உடனே நிறுத்துங்கள்.

பற்றரியைப் பொறுத்தவரை, சார்ஜ் போட்டு இரவு முழுக்க விட்டபின் 12.6 நின்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி. செல்ஃப் இழுக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பற்றரி ஏலாது. அமில மானி இருந்தால் ஆறு அறையிலும் பாருங்கள். 1.26க்கு மேல் எல்லாம் ஒரேயளவாய் நின்றால் நல்லது, ஒரு அறை மட்டும் விழுந்திருந்தால் அந்தப் பற்றரி இனித் தேறாது. தயவுசெய்து கிணற்றுத் தண்ணீர் விடாதீர்கள். எங்கள் கிணறுகள் சுண்ணக்கல்லுக்குள் இறங்கியவை, அந்த உப்பும் சுண்ணாம்பும் தகட்டைத் தின்னும். டிஸ்ரில்ட் வாட்டர் மட்டும்.

#13 சோமசெற்_மானிப்பாய்

செல்ஃப் "வீர்" எண்டு வெறுமையாச் சுத்தி எஞ்சின் அசையாமல் நிண்டால் அது பெண்டிக்ஸ், ஸ்ராட்டரின்ரை பல்லை முன்னுக்குத் தள்ளுற சாமான். நிண்ட காரிலை துருவும் கிளட்ச் தூசியும் சேர்ந்து பல்லு முன்னுக்குப் பாயாது. ஸ்ராட்டரைக் கழட்டி மண்ணெண்ணெயிலை கழுவி, காயவிட்டு அப்பிடியே பூட்டுறது. எண்ணெயோ கிறீஸோ போட்டால் தூசி ஒட்டித் திரும்பவும் இறுகும். பல்லு ஃப்ளைவீலிலை இறுகி நிண்டால் ஸ்ராட்டரின்ரை பின் நுனியிலை மூடிக்குள்ளை சதுரத் தலை ஒண்டு இருக்கு, ஸ்பானர் போட்டுத் திருப்பினால் விடும்.

#14 கோண்டாவில்_மைனர்

சுன்னாகம் அண்ணை சொன்னது அச்சொட்டாச் சரி. ரெண்டு வயர்க் கண்ணும் தொப்பிக்கு மேலை, நட்டுக்குக் கீழை கிடந்தது. மாத்திப் பூட்டி 15 தௌ வைச்சன். இப்ப நடு வயரிலை நீல ஸ்பாக் 6 மில்லிமீற்றரையும் தாண்டிப் பாயுது.

ஆனால் இன்னும் ஸ்ராட் எடுக்குதில்லை. ரெண்டொரு வெடி வெடிக்குது, காபரேற்றராலை "பஃப்" எண்டு துப்புது, எஞ்சின் குலுங்கிக் குலுங்கி நிக்குது. சோக் இழுத்தாலும் தள்ளினாலும் அதேதான்.

#15 நல்லூர்_ஏசீரீஸ்

பிளக் வயரும் மாத்தினதெண்டு முதல் பதிவிலை சொல்லியிருக்கிறியள். மூடியை மேலையிருந்து பாத்து, முதலாம் சிலிண்டர் வயர் எந்த ஓட்டையிலை, அதிலையிருந்து மணிக்கூட்டு முள் சுத்துற பக்கமா அடுத்தடுத்து எந்த வயர் எண்டு எழுதுங்கோ. முதலாம் சிலிண்டர் றேடியேற்றர் பக்கம்.

#16 கோண்டாவில்_மைனர்

மணிக்கூட்டு முள் பக்கமா 1, 3, 4, 2.

#17 நல்லூர்_ஏசீரீஸ்

பிடிபட்டுது. இலக்கம் சரி, திசை பிழை. இந்த எஞ்சின் பத்துற ஒழுங்கு 1, 3, 4, 2தான், ஆனால் மைனரிலை றோட்டர் (மூடிக்குள்ளை சுத்தி ஸ்பாக்கைப் பிரிக்கிற துண்டு) மேலையிருந்து பாக்கேக்க மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்ப்பக்கமாச் சுத்துது. உங்கட வயரிலை றோட்டர் சந்திக்கிற ஒழுங்கு 1, 2, 4, 3. அதாவது 1உம் 4உம் தங்கட நேரத்திலை பத்துது, 2உம் 3உம் மாறிக் கிடக்கு.

ஏன் காபரேற்றராலை துப்புது எண்டதையும் இதிலையே விளங்கலாம். 2ஆம் பிஸ்ரனும் 3ஆம் பிஸ்ரனும் ஒரே நேரத்திலை மேலை வாறவை. ஒண்டு அமுக்கி முடிக்கேக்க மற்றது புகையைத் தள்ளி முடிச்சு இழுக்கத் தொடங்குது, அதின்ரை இன்லெற் வால்வு திறந்து கிடக்கு. வயர் மாறினால் அமுக்கி முடிச்ச சிலிண்டருக்கு ஸ்பாக் இல்லை, வால்வு திறந்த சிலிண்டருக்கு ஸ்பாக் கிடைக்குது. நெருப்பு நேரா மனிஃபோல்டுக்குள்ளை போய் காபரேற்றராலை வெளியாலை வருது.

2, 3 வயர் ரெண்டையும் மூடியிலை மாத்துங்கோ. அவ்வளவுதான்.

மாத்தின பிறகு ரைமிங்கையும் ஒருக்காப் பாருங்கோ, பொயின்ற் இடைவெளி மாறினால் ரைமிங்கும் மாறும். பிளக் நாலையும் கழட்டிப் போட்டு ஹான்டிலாலை மெல்லச் சுத்துங்கோ. 4ஆம் சிலிண்டரின்ரை வால்வு ரெண்டும் ஆடுற இடத்திலை, ஒண்டு மூடி மற்றது திறக்கத் தொடங்குற இடம், 1ஆம் சிலிண்டர் பத்துற இடம். கீழை எஞ்சின் முன்னுக்கு பெல்ற் ஓடுற புளியிலை (சில்லிலை) ஒரு வெட்டு இருக்கு, ரைமிங் மூடியிலை மூண்டு முள். நீளமான முள் பிஸ்ரன் உச்சியிலை நிக்கிற இடம், மற்ற ரெண்டும் 5 பாகையும் 10 பாகையும் முன்னுக்கு. வெட்டை 5 பாகை முள்ளுக்கு நேரை நிப்பாட்டுங்கோ. ரெஸ்ற் லாம்பை சீ.பிக்கும் பொடிக்கும் இடையிலை கொழுவிச் சாவியைப் போடுங்கோ. டிஸ்ரிபியூட்டர் கவ்வியைத் தளத்தி, டிஸ்ரிபியூட்டரின்ரை பொடியை முதல் றோட்டர் சுத்துற பக்கமாச் சற்றுத் திருப்பினால் பொயின்ற் மூடும், லைற் அணையும். பிறகு மெல்ல எதிர்ப்பக்கமாக் கொண்டு வாங்கோ. லைற் பத்துற அந்தச் சணத்திலை நிப்பாட்டி இறுக்குங்கோ. அதுதான் பொயின்ற் திறக்கிற இடம். 92 பெற்றோலுக்கு 5 பாகையிலை தொடங்கலாம், ஏத்தத்திலை தட்டுச் சத்தம் வந்தால் ஒரு துளி பின்னுக்குப் போங்கோ.

ஹான்டில் பிடிக்கேக்க பெருவிரலும் மற்ற விரல்களோடை ஒரே பக்கம் இருக்கவேணும், கீழையிருந்து மேலை இழுக்கிறது மட்டும். மேலையிருந்து கீழை அமத்தவே கூடாது. ரைமிங் கூடிப்போன எஞ்சின் திருப்பி அடிச்சால் மணிக்கட்டு முறியும்.

#18 ஹயர்_கார்_சாவகச்சேரி

பிளக்கையும் பாக்கச் சொல்லுங்கோ. இந்த ஹெட்டுக்கு நீளக் கழுத்துப் பிளக், 19 மில்லிமீற்றர். என்.ஜி.கே. எண்டால் பி.பி.6.ஈ.எஸ். பி.பி.6.எச்.எஸ் எண்டு பாத்தால் அதே மாதிரி இருக்கும், கழுத்து கட்டை. ஸ்பாக் ஓட்டைக்குள்ளையே நிண்டிடும். இடைவெளி 25 தௌ.

#19 கோண்டாவில்_மைனர்

2, 3 மாத்தி, ரைமிங் 5 பாகையிலை வைச்சு இழுத்தன், முதல் இழுவையிலையே ஸ்ராட் எடுத்தது! பிளக் சரியான நம்பர்தான். எல்லாருக்கும் நன்றி. ஆனால் ரெண்டு மூண்டு நிமிசம் நல்லா ஓடிப்போட்டு மெல்ல மெல்லச் செத்துப் போகுது. பத்து நிமிசம் விட்டால் திரும்ப எடுக்குது, திரும்பச் சாகுது. சாகேக்க சோக் இழுத்தால் கொஞ்ச நேரம் கூடத் தாக்குப் பிடிக்குது.

#20 சுன்னாகம்_கராஜ்

சோக் இழுத்தால் தாக்குப் பிடிக்குதெண்டால் பெற்றோல் பஞ்சம். ஸ்பாக் போற எஞ்சின் சடாரெண்டு நிக்கும், பெற்றோல் போற எஞ்சின் இழுத்து இழுத்துத்தான் நிக்கும்.

சாகிற நேரம் ராங்க் மூடியைத் திறவுங்கோ. "உஸ்" எண்டு காத்து இழுத்தால் மூடியின்ரை காத்துத் துளை அடைஞ்சிட்டுது, மழைக் காலத்திலை குளவி மண்ணாலை அடைக்கிறதும் உண்டு.

அது இல்லையெண்டால் காபரேற்றருக்குப் போற குழாயைக் கழட்டி ஒரு கண்ணாடிப் போத்தலுக்குள்ளை விட்டுச் சாவியைப் போடுங்கோ. எஞ்சின் ஆறினபிறகு, வெளியிலை, பீடி சிகரெற் கிட்டவும் இல்லாமல். நல்ல பம்ப் நிமிசத்துக்கு அரை லீற்றர் எண்டாலும் தள்ளவேணும். பம்ப் மெல்ல மெல்ல இழுத்து அடிச்சு, பெற்றோலும் நூலாட்டம் வந்தால் அடைப்பு. விறுவிறெண்டு அடிச்சுக் குமிழியா வந்தால் உறிஞ்சிற பக்கம் காத்து, குழாய் நட்டையும் ஃபைபர் வாசரையும் பாருங்கோ. போத்தலைப் பத்து நிமிசம் ஆடாமல் வைச்சால், தண்ணி கலந்திருந்தால் அடியிலை தனிப் படையா நிக்கும்.

எஸ்.யூ. பம்பின்ரை அடியிலை பெரிய ஆறுமூலைத் தலை ஒண்டு இருக்கு, அதைக் கழட்டினால் உள்ளுக்கை வலை வடி. ஆர் கார் வாங்கினாலும் ஆரும் கழட்டிப் பாக்காத வடி அதுதான்.

#21 கோண்டாவில்_மைனர்

நிமிசத்துக்கு ஒரு தேத்தண்ணிக் கோப்பைகூட வரேல்லை, பம்ப் இழுத்து இழுத்து அடிக்குது. வடியைக் கழட்டினால் செம்மண் சேறு மாதிரித் துரு. போத்தல் அடியிலை விரல் அகலத்துக்குத் தண்ணியும் நிக்குது. ராங்கைக் கழட்டவேணுமோ?

#22 சுன்னாகம்_கராஜ்

உடனை வேண்டாம். ராங்கின்ரை அடியிலை வடிக்கிற பிளக் இருக்கு. ராங்கிலை கொஞ்சப் பெற்றோல் மட்டும் இருக்கேக்க, வாளியை வைச்சு அதைத் திறந்து முழுக்க விடுங்கோ. பற்றரி வயரைக் கழட்டிப் போட்டுத்தான் இந்த வேலை. ரெண்டு லீற்றர் சுத்தப் பெற்றோல் விட்டு, காரைப் பக்கவாட்டிலை ஆட்டி, திரும்ப வடியுங்கோ. தெளிவா வருமட்டும். அந்தப் பெற்றோலைத் திரும்ப ஊத்தக் கூடாது, கிணத்தடியிலையும் கொட்டக் கூடாது. எங்கட நிலத்திலை ஊத்தினது நேராக் கிணத்துக்குத்தான் போகும்.

பிறகு பம்புக் குழாயை ராங்க் பக்கமாச் சைக்கிள் பம்பாலை ஊதி விடுங்கோ, ராங்க் மூடி திறந்தபடி. எயர் கொம்பிறசர் வேண்டாம். வடியைப் பல் துலக்கிற பிரஷாலை கழுவி, புது வாசரோடை பூட்டுங்கோ. காபரேற்றரின்ரை ஃப்ளோட் கிண்ண மூடியையும் திறவுங்கோ, அடியிலை அதே செம்மண் கிடக்கும். ஊசியையும் அதின்ரை இருக்கையையும் துடைச்சு, ஃப்ளோட்டைக் குலுக்கிப் பாருங்கோ. உள்ளுக்கை பெற்றோல் சத்தம் கேட்டால் அது ஓட்டை.

ஒரு கிழமை ஓடினபிறகு வடியைத் திரும்பக் கழட்டுங்கோ. திரும்பவும் அதே அளவு துரு நிண்டால் அப்பதான் ராங்கைக் கழட்டுறது.

#23 தீவகம்

கண்ணாடி வடி ஒண்டு பம்புக்கு முன்னாலை பூட்டினால் என்ன?

#24 நல்லூர்_ஏசீரீஸ்

பூட்டலாம், ஆனால் எஸ்.யூ. பம்ப் உறிஞ்சிற பலம் குறைஞ்சது. நெருக்கமான கடதாசி வடி உறிஞ்சிற பக்கம் போட்டால் திரும்பப் பஞ்சம். பம்புக்கும் காபரேற்றருக்கும் இடையிலை போடுங்கோ. எக்சோஸ்ற் மனிஃபோல்டுக்குக் கிட்ட வேண்டாம், பங்குனி சித்திரை வெயிலிலை பெற்றோல் அதுக்குள்ளையே கொதிச்சு, மத்தியானம் கடைவாசலிலை நிப்பாட்டின கார் திரும்ப எடுக்காது.

#25 கோண்டாவில்_மைனர்

ராங்க் வடிச்சு, வடி கழுவி, ஃப்ளோட் கிண்ணமும் துடைச்சாச்சு. சொன்னமாதிரி அடியிலை செம்மண்தான். இப்ப பம்ப் ஒழுங்கா அடிச்சு நிக்குது, நிமிசத்துக்கு அரை லீற்றருக்கு மேலை வருது. மருதனார்மடம் போய் வந்தது, ஒருக்காலும் நிக்கேல்லை. ஐடில் மட்டும் கொஞ்சம் ஆடுது.

#26 நல்லூர்_ஏசீரீஸ்

ஐடில் திருகிற முதல் வால்வு இடைவெளியைப் பாருங்கோ, எஞ்சின் குளிர்ந்திருக்கேக்க எல்லாத்துக்கும் 12 தௌ. ஒன்பதுக் கணக்கு: 8ஆம் வால்வு முழுக்கத் திறந்து நிக்கேக்க 1ஐ வையுங்கோ, 7 திறக்கேக்க 2, இப்பிடிக் கூட்டினால் 9 வரவேணும். அதுக்குப் பிறகு எஸ்.யூ. பிஸ்ரன் எண்ணெய், 20ஆம் நம்பர், டாம்பர் தண்டு அமிழுமட்டும். பிஸ்ரனை உயத்தி விட்டால் "டொக்" எண்டு விழவேணும்.

500 மைல் ஓடினவுடனை பொயின்ற் இடைவெளியைத் திரும்ப அளவுங்கோ. புதுப் பொயின்றின்ரை ஃபைபர் குதி கமிலை உரஞ்சிப் படிஞ்சு இடைவெளி 15 தௌவிலை இருந்து 11, 12க்கு இறங்கியிருக்கும். ரைமிங்கும் அதோடை பின்னுக்குப் போயிருக்கும்.